பதினேழு நாள் கணக்கு

ஒவ்வொரு டிசம்பர் எட்டாம் தேதியும் நான் வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டரின் வாட்ஸப் குழுவில் யாராவது ஒருவர் அந்தப் படத்தைப் போட்டுவிடுவார். சிறகு விரித்த தேவதூதன், முன்னால் முழங்காலிட்டு மாதா, கீழே அமலோற்பவத் திருநாள் வாழ்த்துகள் என்று பெரிய எழுத்து. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இது மார்ச் மாசத்துப் படம், எடுத்துவிடுங்கள் என்று உடனே எழுதுவேன். போட்டவர் பதிலுக்கு ஒரு கும்பிடு போடுவார், படம் அங்கேயே இருக்கும். இவள் நம்ம ஆளே இல்லையே, இவளுக்கு எங்கே வலிக்கிறது என்று மற்றவர்கள் நினைப்பது எனக்குத் தெரியும். நினைக்கட்டும்.

விஷயம் சின்னதுதான். கன்னியான மாதாவின் வயிற்றில் ஆண் துணையில்லாமல் ஏசு உண்டானார் என்பது ஒரு நம்பிக்கை. அந்த மாதாவே தன் தாயின் வயிற்றில் கருவான நொடியிலிருந்து ஜென்மப் பாவத்தின் கறை படாமல் இருந்தாள் என்பது வேறொரு நம்பிக்கை. இந்த இரண்டாவதற்குத்தான் அமலோற்பவம் என்று பெயர். மாதாவுக்கு அப்பாவும் உண்டு, அம்மாவும் உண்டு. ஊரில் எல்லாப் பிள்ளைகளும் உண்டாவதுபோலத்தான் அவளும் உண்டானாள், கறை மட்டும் இல்லை. ஏசு உண்டான செய்திக்கு மார்ச் இருபத்தைந்தில் தனியாக ஒரு திருநாள் இருக்கிறது. இவ்வளவுதான். ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்களில்கூடப் பாதிப் பேர் இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புகிறார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் பாடு, நான் நம்புகிறேனா என்று என்னைக் கேட்காதீர்கள். ஆனால் குழப்பினால் எனக்குக் கோபம் வரும். இந்தக் குழப்பத்தில் எனக்கு ஒரு குடை போயிற்று.

அப்போது எனக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. மலையாள நாட்டு மட்டாஞ்சேரியில் கிடங்குகளுக்குப் பின்னால் உள்ள காலனியில் இருந்தோம். தெரு பெருக்கவும் ஓடை வாரவும் தமிழ்நாட்டிலிருந்து எப்போதோ கொண்டுவந்து இறக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அப்பா பஜாரில் இஞ்சி மூட்டை சுமந்தார். அம்மா தெரு பெருக்கினாள், அதுவும் தற்காலிக வேலை. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீட்டித்துக் கொடுப்பார்கள். யாராவது ஒரு பெரிய மனிதர் முகம் சுளித்தால் நீட்டிக்காமலும் விடலாம். அந்தப் பயம் எங்கள் வீட்டில் தினமும் அடுப்புப் பற்றவைப்பதுபோல வழக்கமான ஒன்று.

நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில். வேதபாட வகுப்பு வந்தால் எங்களைப் போன்ற மற்ற மதத்துப் பிள்ளைகளுக்கு நன்னெறி வகுப்பு என்று அட்டவணையில் இருக்கும். அதை எடுக்கத்தான் ஆள் கிடையாது. ஆகவே எங்களைக் கடைசி பெஞ்சில் தள்ளி, வாயை மூடிக்கொண்டு படம் வரையச் சொல்லிவிட்டு, சிஸ்டர் முன் பெஞ்சுகளுக்கு வேதம் சொல்லிக்கொடுப்பார். வாயைத்தானே மூடச் சொன்னார்கள், காது திறந்துதான் இருந்தது. முன் பெஞ்சுக்காரிகள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் அப்போஸ்தலர்கள் பன்னிரண்டு பேரையும் மனப்பாடம் செய்தேன். அமலோற்பவம் யாருடையது என்று சிஸ்டர் கேட்ட அன்று முன் பெஞ்சில் ஆறு பேர் வரிசையாக ஈசோயுடெ, அதாவது ஏசுவுடையது என்று சொல்லி உள்ளங்கையில் அடி வாங்கினார்கள். ஏழாவதாக நான் பின்னாலிருந்து மாதாவுடெ என்றேன். சிஸ்டர் பிரம்பை மேசைமேல் வைத்துவிட்டு, அந்தப் பெஞ்சைப் பார்த்து வெட்கப்படுங்கள் என்றார். வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷம் அதற்குப் பிறகு எனக்கு வந்ததா என்று சொல்ல முடியாது.

அன்று சாயங்காலம் கப்பைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவிடம் அந்தப் பெருமையைச் சொன்னேன். மாதாவுக்கு அவள் அம்மா வயிற்றில் உண்டான நாளுக்குப் பெருநாளா என்று அம்மாவுக்கு ஆச்சரியம். தேதி கேட்டாள். டிசம்பர் எட்டு என்றேன். கத்தியைக் கீழே வைத்துவிட்டு விரல் கணுக்களில் எண்ணத் தொடங்கினாள். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் மாதா கோயில் தெருவில் பதினொரு வருடம் பெருக்கியவளுக்குப் பெருநாள் தேதிகள் குப்பையால் தெரியும். டிசம்பர் எட்டு என்றால் வெடித்த பலூனும் வளையல் அட்டையும். செப்டம்பர் எட்டு எட்டுநோன்பு முடிகிற நாள், பாயசச் சோறு வாங்கித் தின்ற வாழையிலை மலையாகக் குவியும். மார்ச் இருபத்தைந்து தவக்காலத்தில் வருவதால் சத்தமில்லாத பெருநாள், வெறும் மெழுகுச் சொட்டு. அது மட்டும் துடைப்பத்துக்கு வராது, தகரத்துண்டால் சுரண்ட வேண்டும்.

எண்ணி முடித்து அம்மா தலையாட்டினாள். எட்டுநோன்பு முடிகிற நாள் மாதாவின் பிறந்தநாள் என்று கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கிறவள் சொல்லி அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. டிசம்பர் எட்டிலிருந்து செப்டம்பர் எட்டு, சரியாக ஒன்பது மாதம்.

“கணக்கு சரியாத்தான் இருக்கு. எவளோ பெத்தவதான் இந்தக் கலண்டரைப் போட்டிருக்கா” என்றாள்.

அந்த வருடப் பெருநாளுக்கு மாதா கோயில் முற்றத்தில் வினாடி வினாப் போட்டி வைத்தார்கள். ஜாதி மதம் பார்க்காமல் ஊரில் உள்ள எந்தப் பிள்ளையும் சேரலாம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. நடத்தியவர் கோயில் கமிட்டிக்கார சார். டியூட்டோரியல் ஒன்றில் வரலாறு சொல்லிக்கொடுத்தவர், வெள்ளை முண்டு, சட்டைப்பையில் இரண்டு பேனா. அம்மா பெருக்கும் தெருவில்தான் அவர் வீடு. பதினொரு மணிக்கு அந்த வீட்டுச் சேச்சி அம்மாவுக்குச் சாயா கொடுப்பார். மதில்மேல் பிடி உடைந்த ஒரு கப், அது அம்மாவுக்கென்றே ஒதுக்கி வைத்தது. குடித்துவிட்டுக் குழாயடியில் கழுவி அதே மதிலில் கவிழ்த்துவிட வேண்டும். வேறு யாருடைய உதடும் அதில் படாது. சாரின் வீட்டில் என் அம்மாவுக்கென்று தனிக் கப்பே இருக்கிறது என்று நான் வகுப்பில் பெருமையடித்திருக்கிறேன். இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

முதல் பரிசு குடை. டிசம்பரில் குடை எதற்கு என்று கேட்காதீர்கள், மழைக்காலத்தில் விற்காமல் போனதை யாரோ கடைக்காரர் கோயிலுக்கு நேர்ச்சையாகக் கொடுத்திருப்பார். ஆனால் அது சாதாரணக் குடை இல்லை. சிவப்பில் வெள்ளைப் புள்ளி, கைப்பிடி முனையில் ஊதுகிற விசில். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு கறுப்புக் குடை, அதுவும் அப்பாவுக்கு. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு உரச் சாக்கை மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு போவோம். வகுப்பில் விசில் குடை வைத்திருந்த மூன்று பேரும் மழை நின்ற பிறகும் அதை மடக்க மாட்டார்கள். அந்தக் குடையை மேடையில் தொங்கவிட்டிருந்ததைப் பார்த்த கணத்தில் அது என்னுடையது என்று முடிவு செய்துவிட்டேன்.

போட்டி நாலு மணிக்கு. ஆறு மணிக்கு மாதாவின் சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம். பெருநாள் என்பதால் அம்மாவுக்கு அன்று மாலையும் தெருவில் வேலை. கோயில் முற்றத்திலிருந்து கிடங்குகள் வரை தென்னைமரங்களில் கூம்பு ஸ்பீக்கர் கட்டியிருந்தார்கள், மேடையில் இருமினால் தெருமுழுக்கக் கேட்கும். நான் ஒவ்வொரு பதிலாகச் சொல்லச் சொல்ல அம்மா வெளியே பெருக்கிக்கொண்டே கேட்டிருக்கிறாள். கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினோம். நான், அப்புறம் அரிசி மண்டிக்காரரின் மகன்.

இன்று நாம் கொண்டாடுகிற அமலோற்பவம் யாருடையது என்று சார் கேட்டார். எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது. கை தூக்கி, மாதாவுடெ என்று கத்தினேன். சார் கையிலிருந்த அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து இரக்கமாகச் சிரித்தார். தப்பு என்றார். மண்டிக்காரர் மகன் ஈசோயுடெ என்றான். சரி என்றார். கை தட்டினார்கள். அந்தப் பையன் குடையை வாங்கிய கையோடு விசிலை ஊதிப் பார்த்தான்.

நான் மேடையை விட்டு இறங்கவில்லை. சிஸ்டர் சொல்லிக்கொடுத்தது மாதா என்றுதான் என்று திரும்பச் சொன்னேன். சார் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை, அதுதான் அவரிடம் பெரிய தொல்லை. என் தலைமேல் கை வைப்பதுபோலக் கொண்டுவந்து, வைக்காமலே எடுத்துக்கொண்டு, மைக்கில் மெதுவாகச் சொன்னார்.

“மோளே, இதொக்கெ ஜன்மனா கிட்டேண்ட அறிவா. பின்னில் இருந்து கேட்டுப் படிச்சால் போரா.”

இதெல்லாம் பிறப்பிலேயே கிடைக்க வேண்டிய அறிவு, பின்னால் உட்கார்ந்து கேட்டுப் படித்தால் போதாது என்று அர்த்தம். கூட்டம் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை, பிள்ளை தடுக்கி விழுந்தால் சிரிப்பார்களே, அது. சார் சிரித்ததால் நானும் கொஞ்சம் சிரித்தேன். இத்தனை வருடத்தில் அந்தச் சிரிப்புக்காகத்தான் என்மேல் எனக்கு ஆத்திரம் ஆறவே இல்லை.

கூட்டத்தின் பின்பக்கம் விலகுவது தெரிந்தது. அம்மா வந்துகொண்டிருந்தாள். நீலக் கோட்டு, தலையில் துண்டு, கையில் நீளக் கோல் மாட்டிய துடைப்பம். அதை வெளியே சாத்திவைத்துவிட்டாவது வந்திருக்கலாம். பட்டுச்சேலைகள் துடைப்பம் படாமல் இருக்க இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுங்கின, அம்மாவுக்கு நல்ல அகலமாக வழி கிடைத்தது. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. பலூன்காரனுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன். சொல்லத்தானே வேண்டும், சொல்லிவிட்டேன்.

மேடைக்குக் கீழே நின்று அம்மா அண்ணாந்து பார்த்தாள்.

“சாரே, ஒரு கணக்கு கேக்கணும்.”

இப்போது நிகழ்ச்சி நடக்கிறது, அப்புறம் பேசலாம் என்றார் சார். அம்மா அதைக் காதில் வாங்கவில்லை.

“இன்னிக்கு வயித்துல உண்டான பிள்ளைக்கு என்னிக்கு பொறந்தநாள் கொண்டாடறீங்க? இருபத்தஞ்சுக்குத்தானே? எட்டுக்கும் இருபத்தஞ்சுக்கும் பதினேழு நாளு. பதினேழு நாள்ல பிள்ள பெத்த வீடு இந்த ஊர்ல எங்கயாச்சும் உண்டா சாரே?”

முதலில் சிரித்தது பட்டுச்சேலைகள்தான். பெற்றவர்களுக்குக் கணக்கு உடனே புரிந்துவிட்டது. ஒருத்தி பக்கத்தில் இருந்தவளின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். சாரின் முகம் சிவந்தது. தெய்வத்தால் முடியாதது ஒன்றுமில்லை என்று ஆரம்பித்தார்.

தெய்வத்துக்கு முடியும், யார் இல்லை என்றது என்று அம்மா கேட்டாள். அப்படியானால் மார்ச் இருபத்தைந்தில் மங்கள வார்த்தைப் பெருநாள் என்று மெழுகுதிரி ஏற்றிவைப்பது எதற்கு? அந்த மெழுகைக் குந்தி உட்கார்ந்து சுரண்டி எடுக்கிறவள் தான்தான். அங்கிருந்து எண்ணினால் கிறிஸ்துமஸுக்கு ஒன்பது மாதம், ஏசுவுக்கு அது. இங்கிருந்து எண்ணினால் எட்டுநோன்புக்கு ஒன்பது மாதம், மாதாவுக்கு இது. இவளை வயிற்றில் வைத்துக்கொண்டு மார்ச்சில் மெழுகும் சுரண்டினேன், செப்டம்பரில் எச்சிலையும் வாரினேன், எனக்கு இந்தக் கணக்கு தப்பாது என்று துடைப்பக் கோலால் என்னைக் காட்டினாள். முழுக் கூட்டமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. பூமி பிளந்தால் குதித்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

அப்போது அச்சன் வந்தார். கோயிலின் பாதிரியார், ஊர்வலத்துக்கான பொன்ஜரிகை அங்கியோடு சத்தம் கேட்டு வந்தவர். சாரிடம் அட்டையை வாங்கிப் பார்த்தார், கண்ணை மூடித் திறந்தார், சாரின் காதருகே குனிந்து அந்தக் குட்டி சொன்னதுதான் சரி என்றார். எனக்குக் கேட்டது, அம்மாவுக்கும் கேட்டது. மைக்குக்குக் கேட்கவில்லை. அச்சன் நல்ல மனிதர் என்று ஊரே சொல்லும். நல்ல மனிதர்கள் நல்லதை எப்போதும் மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றுதான் சொல்கிறார்கள்.

சார் கீழே குனிந்து, ஒரு சின்னப் பிசகு, குட்டிக்கும் ஒரு பரிசு கொடுத்துவிடலாம் என்று அம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். எனக்கு மூச்சு திரும்பி வந்தது. அம்மா சரி என்று சொன்னால் முடிந்தது. அம்மா நகரவில்லை.

“தப்புன்னு மைக்கில சொன்னீங்கல்ல. சரின்னும் மைக்கில சொல்லுங்க சாரே.”

வேறு வழியில்லை, அச்சன் பார்த்துக்கொண்டிருந்தார். சார் மைக்கைப் பிடித்தார். ஆனால் வரலாறு சொல்லிக்கொடுத்த வாய் அல்லவா, தோற்றாலும் பாடம் நடத்தித்தான் தோற்கும். ஏசுவின் கன்னிப் பிறப்பு வேறு, மாதாவின் அமலோற்பவம் வேறு, அறிவுள்ளவர்களே குழம்புகிற இடம் இது என்று நீட்டி முழக்கினார். ஆதாமின் குற்றத்தால் மனிதர் எல்லாரும் ஜென்மப் பாவத்தின் கறையோடுதான் கருவாகிறார்கள், மாதா ஒருத்திக்கு மட்டும் அந்தக் கறை இல்லாமல் தெய்வம் காத்தது, ஆகவே இந்தப் பெண்குட்டி சொன்னதும் சரிதான் என்று முடித்தார். ‘சொன்னதும்’ என்றார், கவனியுங்கள்.

எனக்கு அது போதும். குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அம்மாவின் முகம் மாறியிருந்தது. காலையிலிருந்து தேடிய சாவி மடியிலேயே இருந்ததைக் கண்டவள்போல நின்றாள்.

“எல்லாரும்னா யாரு சாரே?” என்றாள்.

எல்லாரும்தான், மனிதராகப் பிறந்த எல்லாரும் என்றார் சார்.

“நானும்?”

உண்டு என்றார். அதைச் சொல்ல அவருக்குச் சிரமமே இருக்கவில்லை.

“சாரும்?”

சார் அச்சனைப் பார்த்தார். அச்சன் தலை குனிந்து அங்கியின் ஜரிகையைச் சரிசெய்தார். ஊர்வலத்துக்கு வந்த செண்டைக்காரர்கள்கூடக் கோலைக் கையில் பிடித்தபடி நின்றார்கள். என் உயிர் குடையில் இருந்தது, இந்த அம்மா எதையெதையோ கேட்டு நேரத்தைக் கடத்துகிறாளே என்று பல்லைக் கடித்தேன்.

“ஞானும்” என்றார் சார்.

அம்மா விடவில்லை. அவருக்கு இருப்பதும் தனக்கு இருப்பதும் ஒரே கறையா, இல்லை தனக்கு என்று தனியாக வேறு இருக்கிறதா என்று கேட்டாள். கிண்டல் இல்லை அதில், சத்தியமாகச் சொல்கிறேன். மருந்துக்கடையில் இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்பாளே, அதே குரல்.

சார் தொண்டையைச் செருமினார்.

“அது தன்னெ. எல்லார்க்கும் ஒந்நு தன்னெ.”

எல்லாருக்கும் ஒன்றே. தென்னைமரத்து ஸ்பீக்கர்களில் அந்த வார்த்தை தெருவின் கடைசிவரை போயிற்று. சாரின் வீட்டு மதிலைத் தாண்டி, அம்மா தினமும் பெருக்குகிற ஒவ்வொரு வாசலையும் தாண்டி, கிடங்குகள்வரை போயிருக்கும்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள், வா என்றாள். ஒரு கையில் துடைப்பம், மறு கையில் நான். அச்சன் மண்டிக்காரர் மகனிடமிருந்து குடையை வாங்கி எங்கள் பக்கம் நீட்டியதை நான் பார்த்தேன். என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன். வாங்க அம்மாவிடம் மூன்றாவது கை இல்லை, திரும்பிப் பார்க்கவும் அவளுக்குத் தோன்றவில்லை. நான் காலைத் தரையில் ஊன்றி இழுத்தேன். அவள் இழுத்த இழுப்பில் செருப்பு ஒன்று கழன்றது. அதை மட்டும் நின்று எடுத்துக்கொள்ள விட்டாள்.

நடந்தது எங்களுக்கு முன்னால் காலனிக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. வேலை போச்சு, இனி நீட்டிக்க மாட்டார்கள், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கக் கூடாதா என்று அப்பா ஒரு மாதம் புலம்பினார். வேலை போகவில்லை. சார் யாரிடமும் புகார் சொல்லவில்லை, சொன்னால் என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டுமே. மறுநாளிலிருந்து அம்மா வீட்டிலிருந்தே ஒரு பாட்டிலில் சாயா கொண்டுபோனாள். மதில்மேல் அந்தப் பிடி உடைந்த கப் கொஞ்ச நாள் மழையிலும் வெயிலிலும் கவிழ்ந்து கிடந்தது. சாரின் வீட்டில் இருந்த தனிக் கப்பையும் இந்தப் பிடிவாதக்காரி விட்டுவிட்டாளே என்று அதற்கும் நான் அழுதேன். அடுத்த வருடப் போட்டியில் சார் சரியான பதிலைப் பிறவியிலேயே தெரிந்தவர்போல வாசித்தாராம். நான் போகவில்லை. வேதபாடம் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் என்று நோட்டீஸை மாற்றிவிட்டார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தச் சாயங்காலம் வழியில் நடந்தது.

கிடங்குத் தெரு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன். காய்ந்த மிளகாய் மூட்டை ஏற்றிய வண்டி முன்னால் போனது, அதன் காரம் வேறு கண்ணைக் கரித்தது. நீ எதற்கு வந்தாய், நீ வராமல் இருந்திருந்தால் தோற்றாவது போயிருப்பேன், ஜெயிக்கவைத்துவிட்டுப் பரிசை வாங்காமல் வருகிற அம்மா உலகத்தில் உண்டா என்று கத்தினேன். பெண்பிள்ளை தெருவில் கத்தினால் அம்மாவுக்குப் பிடிக்காது, முதுகில் ஒன்று வைப்பாள். அன்று வைக்கவில்லை. காதிலேயே விழாதவள்போல நடந்தாள். நடையே வேறாக இருந்தது. துடைப்பத்தைத் தோளில் சாய்த்திருந்தாள், உதட்டில் என்னவோ முணுமுணுப்பு.

படகுத்துறைப் பக்கம் இக்காவின் சாயாக்கடை. அதன் வாசல் பெஞ்சில் எந்நாளும் உட்காராதவள், அன்று உட்கார்ந்தாள். இரண்டு சாயா, இரண்டு பருப்பு வடை சொன்னாள். வடையை என் கையில் வைத்துவிட்டு, ரகசியம் கேட்பதுபோலக் குனிந்தாள்.

“சாரு கடைசியா என்ன சொன்னாரு? சொல்லு.”

எனக்கு இருந்த கோபத்தில் அவள் முகத்தைப் பார்க்கவே பிடிக்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தேன். எல்லாரும் கறையோடதான் பொறக்கறாங்க, எல்லாருக்கும் ஒண்ணுதான்.

“இன்னொரு வாட்டி சொல்லு.”

சொன்னேன். சாயா வந்தது. அதை ஆற்றிக்கொண்டே, சாருக்கும்னு சொன்னாரே, அதைச் சேர்த்துச் சொல்லு என்றாள். சேர்த்துச் சொன்னேன். மைக்கில்தானே சொன்னார் என்று கேட்டாள். மைக்கில்தான் என்றேன். திரும்பவும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். விக்கி விக்கி, மூக்கைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

பள்ளிக்கூடத்தில் தப்புச் செய்தால் சிஸ்டர் இப்படித்தான் ஒரே வரியை ஐம்பது முறை எழுதவைப்பார். அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் சொல்லவைத்துத் தண்டிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். சரியான பதில் சொன்னதற்கு எதற்குத் தண்டனை என்பது மட்டும் எனக்குப் புரியவே இல்லை.